ட்ரோனுக்குக் காசு இருக்காம், ஆளுக்கு இல்லையாம்!

மக்களே, இது கொஞ்சம் புலம்பல்தான். ரொம்ப நாளா மனசில் கிடக்கிறது, கொட்டிவிடுகிறேன்.

நானும் பொட்டி தட்டுகிறவன்தான். ஆனால் அமெரிக்கக்காரனுக்கு இல்லை, வட இந்திய நகராட்சிகளுக்கு. மேப் போட்டுக் கொடுக்கிற வேலை, ஜி.ஐ.எஸ். என்பார்கள். எந்த மனை எங்கே, எந்த வீடு எத்தனை மாடி, குழாய் எந்தத் தெருவில் திரும்புகிறது என்று கம்ப்யூட்டரில் அடுக்கடுக்காக ஏற்றி வைப்பது. போபாலுக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. ஊரிலிருந்து மாமா இன்னும் போனில், "மாப்ளே, கவர்மென்ட் வேலைதானே?" என்கிறார். இல்லை மாமா. கவர்மென்டுக்கு வேலை பார்க்கிறேன், கவர்மென்ட் வேலை இல்லை. என் கோபமே அதில்தான்.

2025 பிப்ரவரியில் இங்கே பக்கத்தில் ராய்சேனில்தான் மத்திய அரசு 'நக்ஷா' திட்டத்தைத் தொடங்கியது. 152 நகர உள்ளாட்சிகளில் வானிலிருந்து படமெடுத்து நிலம் அளப்பது. கிராமங்களுக்கு ட்ரோன் விடும் 'ஸ்வாமித்வா' 2020-லேயே வந்துவிட்டது. நல்ல திட்டங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேலிருந்து பார்த்தால் கூரைதானே தெரியும்? கீழே கடை, மேலே குடித்தனம் என்பதை ஒரு ஆள் படியேறிப் பார்த்துத்தான் எழுதணும். பாதாளச் சாக்கடையோ எவ்வளவு உயரப் பறந்தாலும் தெரியாது.

அதுகூடப் போகட்டும். படமெடுத்த மறுநாளே ஊர் மாற ஆரம்பித்துவிடும். அண்ணன் தம்பி மனையைப் பிரிப்பார்கள், ஒருத்தர் மாடி எழுப்புவார். பத்திரம் ஒரு ஆபீஸ், கட்டட அனுமதி இன்னொன்று, வரி வேறொன்று. இதையெல்லாம் அவ்வப்போது மேப்பில் ஏற்ற ஆள் வேண்டாமா? நான் போன பல நகராட்சிகளில் அப்படி ஒரு போஸ்ட்டே கிடையாது. டெண்டர் விடுவார்கள், எங்களை மாதிரி ஆட்கள் போவோம், ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு வருவோம். நாலைந்து வருஷம் கழித்து அதே ஊருக்கு மறுபடி டெண்டர், முதலிலிருந்து! ஓரிடத்தில் நாங்கள் கொடுத்த டிஸ்க் கவர்கூடப் பிரிக்காமல் பீரோவில் இருந்தது. குழாய் உடைந்தால் அவர்கள் கூப்பிடுவது ரிட்டயர் ஆன வால்வ்மேனைத்தான். அந்த ஊர் மேப் அவர் தலைக்குள் இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆனால்?

காசில்லை என்பதெல்லாம் சும்மா. க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், 2002-லிருந்து இருக்கிறது. வரிக்கணக்கில் வராத மாடிகளைப் பிடித்தாலே அந்த ஆளின் சம்பளம் தேறிவிடும். 2021-ல் மேப் விதிகளைத் தளர்த்திக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்தார்கள், சரி. நகராட்சிக்குள் ஒரு நாற்காலி போட்டிருக்கலாமே?

எங்களிடம் ஜியோஇன்பர்மேடிக்ஸ் முடித்த பிள்ளைகள் பதினோரு மாச கான்ட்ராக்டில் வருகிறார்கள். வார்டு வார்டாக வெயிலில் நடந்து ஊரைக் கற்றுக்கொள்கிறார்கள். கற்று முடித்ததும் கான்ட்ராக்ட் முடிந்துவிடும். 'ஜியாக்ரபி படிச்சு என்ன பண்ணப் போறே' என்று நம் வீடுகளில் கேட்கிறோமே, அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள், "நம்ம வார்டு மேப்பை யார் பார்த்துக்கறாங்க, அவர் பேர் என்ன?" என்று.

எங்கள் கவுன்சிலரிடம் நான் கேட்டேன். "அதான் கூகுள்ல எல்லாம் இருக்கே பாய்சாப்!" என்றார்.