பஞ்சத்திலும் நூறு சதவீதத் தேர்ச்சி

நான் படித்த பள்ளியில் வருடா வருடம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. வாசலில் பேனர் கட்டுவார்கள். தேறமாட்டான் என்று தோன்றுகிற பையனை ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். பேனரில் இருந்த கணக்கு சரிதான். யாரை வைத்துப் போட்ட கணக்கு என்று மட்டும் கேட்கக்கூடாது!

பஞ்சத்திலும் போரிலும் குழந்தைகளுக்கு நடக்கும் துணை உணவூட்டல் திட்டங்களிலும் இதே வித்தை நடக்கலாம் என்று படித்தபோது திக்கென்றது.

விஷயம் இதுதான். மேற்கையின் சுற்றளவு 11.5 முதல் 12.5 செ.மீ.க்குள் இருக்கும் குழந்தைக்கு மிதமான ஊட்டக்குறைவு. அம்மா வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை தூக்கிவர, எடை பார்த்து சோள-சோயா மாவோ வேர்க்கடலைப் பசையோ கொடுத்து அனுப்புவார்கள். கடைசியில் அந்தக் குழந்தை குணமாகும், அல்லது இறக்கும், அல்லது பாதியில் வராமல் நின்றுவிடும், அல்லது எத்தனை வாரம் கொடுத்தும் தேறாது. குணமானவர்கள் 75 சதவீதத்துக்கு மேல், இறப்பு 3-க்குக் கீழ், நின்றவர்கள் 15-க்குக் கீழ். இது ஸ்ஃபியர் கையேடு சொல்லும் அளவுகோல்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. 1000 குழந்தைகள். 600 குணம், 20 இறப்பு, 100 நின்றது, 280 தேறாதது. குணம் 60 சதவீதம், ஃபெயில். "தேறாதவர்கள் வேறு கணக்கு" என்று அந்த 280 பேரை எடுத்துவிடுங்கள். மிச்சம் 720. குணம் 83, இறப்பு 2.8, நின்றது 13.9. எல்லாவற்றிலும் பாஸ்! ஒரு குழந்தைக்கும் ஒரு கிராம் எடை கூடவில்லை.

எத்தனை முறை வராவிட்டால் 'நின்றது'? இரண்டா, மூன்றா? எந்த எடை வந்தால் 'குணம்'? இடத்துக்கு இடம் வேறு பதில் என்றால் இரண்டு அறிக்கைகளை எப்படி ஒப்பிடுவது? 2002 முதல் 2005 வரை நடந்த 82 திட்டங்களின் பதிவுகளைப் பின்னால் போய் ஆராய்ந்தார்கள். அறிக்கைகளை ஒழுங்காக ஒப்பிடுவதே பெரும்பாடாகிவிட்டது. தேறியவர் கணக்கைச் சரியாகப் போட்டபோது பாதித் திட்டங்கள்கூட 75-ஐத் தொடவில்லை.

இதற்குப் பிறகுதான் சேவ் த சில்ட்ரன் முன்னின்று 'குறைந்தபட்ச அறிக்கைத் தொகுப்பு' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே விளக்கம், ஒரே படிவம், கூடவே ஒரு மென்பொருள். நல்ல வேலை. ஆனால் விரும்பினால் பயன்படுத்தலாம் என்கிற கதை. ஹெல்மெட் விரும்பினால் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள், எத்தனை தலையில் இருக்கும்?

"களத்தில் இருப்பவனுக்குச் சோறு போட நேரமில்லை, இதில் படிவமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் பொதுப் படிவமே. பணம் கொடுப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனிப் படிவம் நீட்டினால் அந்த ஊழியர் ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். "ஒவ்வொரு ஊரும் வேறு" என்பது இன்னொரு வாதம். ஊர் வேறுதான் சார், வகுத்தல் கணக்கு ஊருக்கு ஊர் மாறுமா?

எனக்கு உண்மையில் உறுத்துவது அந்த 'நின்ற' நூறு பேர். ஊர் மாறிப் போனார்களா? அம்மாவுக்கு அறுவடை வேலையா? நடந்துவர தூரம் அதிகமா? இல்லை, வீட்டிலேயே செத்துப்போனார்களா? தேடிப் போய்ப் பார்க்காவிட்டால் அந்தச் சாவும் 'நின்றது' என்றே பதிவாகும், இறப்பு விகிதம் அழகாக 3-க்குக் கீழே நிற்கும்.

ஆகவே பணம் கொடுக்கும் அரசுகளே, ஐ.நா. அமைப்புகளே, நான்கு முடிவுகளையும் ஒரே விளக்கத்தில் எழுதி, நின்றவர்களில் சிலரையாவது வீடு தேடிப் போய்ப் பார்த்துச் சொல்லாதவர்களுக்கு அடுத்த தவணையை நிறுத்துங்கள். முகாமில் இருக்கும் குழந்தைக்கான மாவை இல்லை, தலைமை அலுவலகச் செலவுக்கான பங்கை.