மடத்து பீரும் மாரியம்மன் கோயில் தெருவும்

மகனையோ மகளையோ பார்க்க ஜெர்மனி போய்த் திரும்புகிறவர்கள் நம் வயதுக்காரர்களில் இப்போது அதிகம். அவர்கள் சொல்லும் கதைகளில் தவறாமல் ஒன்று உண்டு. "அங்கே சாமியார்களே பீர் தயாரித்து விற்கிறார்கள் சார். மாதா கோயிலுக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டுக் குடும்பத்தோடு குடிக்கிறார்கள். இங்கே கோயில் பக்கத்தில் டாஸ்மாக் கடை என்றால் மட்டும் ஏன் இப்படிக் குதிக்கிறீர்கள்?"

இதைக் கேட்டு வாயடைத்துப் போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவர்கள் சொல்வது உண்மைதான். மியூனிக் நகருக்குத் தென்மேற்கே ஆண்டெக்ஸ் என்ற குன்று இருக்கிறது. நமக்குப் பழனிபோல அவர்களுக்கு அது யாத்திரைத் தலம். அங்குள்ள பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடத்தில் 1455 முதல் பீர் தயாரிக்கிறார்கள். டான்யூப் நதிக்கரையில் வெல்டன்பர்க் மடத்தில் அந்த வழக்கம் 1050 முதல் என்கிறார்கள். அங்கே மடத்து முற்றமே பீர் தோட்டம்.

ஆனால் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிற பாதி ஒன்று உண்டு. அங்கே விற்கிறவர் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர். அதே வளாகத்தில் ஜெபம் செய்கிறவரும் அவர்தான். ஒருவன் குடித்துவிட்டுக் கோயில் வாசலில் விழுந்து கிடந்தால் அது அவர் மடத்துக்கு அவமானம். ஆண்டெக்ஸ் வருமானத்தில் ஒரு பங்கு மியூனிக்கில் வீடற்றவர்களுக்கு அந்தத் துறவிகள் செய்யும் தொண்டுக்குப் போகிறது. அதாவது, கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்.

சரக்கும் வேறு. ஒரு லிட்டர் பீர், ஐந்தரை சதவீதம் என்றால் அதில் சாராயச் சத்து 55 மில்லி. நம் ஊர் பிராந்தி 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில் 77 மில்லி. அவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பாட்டோடு குடிப்பதைவிட அதிகமானதை, இங்கே ஒருவர் நின்றபடியே பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போகிறார்.

"நம் முனியப்பனுக்கே சாராயம் படைக்கிறோமே?" என்று அடுத்த கேள்வி வரும். படைக்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் அது வருஷத்துக்கு ஒரு நாள். பங்காளிகள் கூடி நிற்க, பூசாரி முன்னிலையில் நடப்பது. யாராவது அளவு மீறினால் அடக்கப் பெரியவர்கள் இருப்பார்கள். அந்த மடத்துக்கும் நம் முனியப்பன் கோயிலுக்கும் இருக்கிற ஒற்றுமை இதுதான்: வரம்பு கோயிலைச் சேர்ந்தவர்கள் கையில் இருக்கிறது.

டாஸ்மாக் கடையின் வரம்பு யார் கையில்? மது விற்பனைக்கு விதி போடுவது அரசு. விற்பதும் அரசு நிறுவனம். விதி மீறினால் விசாரிப்பதும் அரசு. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது?

அந்த விதியையும் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிப்படி, கோயிலுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் இடையே ஊராட்சிப் பகுதியில் 100 மீட்டர் இருக்க வேண்டும். ராசிபுரம் போன்ற நகராட்சியில் 50 மீட்டர் போதும். கிராமத்து அம்மனுக்கு 100, டவுன் அம்மனுக்கு 50! ஐம்பது மீட்டர் என்பது 164 அடி. தடியூன்றி நடக்கிற எனக்கே இரண்டு நிமிடம்தான். அது மட்டுமல்ல. நகரமைப்புத் துறை அந்த இடத்தை வணிகப் பகுதி என்று வகைப்படுத்தியிருந்தால் அந்த 50 மீட்டரும் கிடையாது. நம் ஊர்களில் பழைய கோயில்களைச் சுற்றித்தானே கடைவீதியே உண்டானது? எந்தக் கோயிலுக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அதற்குத்தான் விதிவிலக்கு.

வாகன ஓட்டிகளுக்காக உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் என்றது. சிற்றூர்களுக்கு அது 220 ஆனது. நகராட்சி எல்லைக்குள் பிறகு அதுவும் தளர்ந்தது. ஆனாலும் லாரிக்காரருக்காக யோசித்த தூரத்தைக் கவனியுங்கள். மாரியம்மன் திருவிழாவில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஈரத்துணியோடு குடம் சுமந்து நடக்கிற பெண்ணுக்கு 50 மீட்டர் போதும் என்று யார் முடிவு செய்தது?

இதைக் கேட்க நம்மைவிட உரிமை உள்ளவர்கள் இல்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மந்திரிசபை முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் ஜில்லாவில்தான். ராசிபுரமும் நாமக்கல்லும் அப்போது அதற்குள்தான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவை விட்டதற்கு விலையாக நம் அப்பாக்கள் கட்டிய வரி அது. 1971இல் மதுவிலக்கு போனது. வரி போனதா? பெயர் மாறி, இன்று ஜி.எஸ்.டி.யாகக் கட்டுகிறோம். சாராய வருமானம், அதை விட்டதற்கான வரி இரண்டையும் ஒரே கை வாங்குகிறது.

இதே சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரை விட்டார். ஒரு கடையை இடம் மாற்ற ஓர் உயிர் போக வேண்டியிருக்கிறது.

"கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும், கள்ளக்குறிச்சியைப் பார்த்தீர்களா?" என்பார்கள். பார்த்தோம். 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தில் செத்தார்கள். கடைகள் திறந்திருந்த மாநிலத்தில்தான் அதுவும் நடந்தது. போகட்டும், நான் பூரண மதுவிலக்குக் கேட்கவில்லை. கடையைத் தள்ளி வையுங்கள் என்கிறேன். குடிக்கிறவர் இன்னும் ஐந்து நிமிடம் நடப்பார், அவ்வளவுதான்.

கேட்பது மூன்று. நகராட்சிக்கும் 100 மீட்டர் வேண்டும். வணிகப் பகுதி என்ற விலக்கு போக வேண்டும். கடை வைக்குமுன் அந்தத் தெருக்காரர்களின் சம்மதம் கட்டாயமாக வேண்டும்.

உங்கள் தெருக்கோயில் வாசலிலிருந்து கடை வாசல் வரை ஒருமுறை டேப் பிடித்து அளந்து பாருங்கள். அந்த எண்ணை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். ஓய்வு பெற்றவர்கள் நாம். போய் வர நமக்கு நேரம் இருக்கிறது.