தாமதமாகத் திறந்த கதவு

ராஸ்பெரி பை 4 கணினியில் ரிஸ்க் ஓஎஸ் இயங்குதளத்தை ஏற்றினால் சில விநாடிகளில் திரை விரிந்துவிடும். சுட்டியின் நடுப்பொத்தானை அழுத்தினால் பட்டியல் வரும். ரிஸ்க் ஓஎஸ் உள்ள அதே மெமரி அட்டையை 2023இல் வந்த ராஸ்பெரி பை 5இல் செருகினால் எதுவும் நடக்காது. ஏஆர்எம் சில்லுக்காகவே பிறந்த இயங்குதளம், புதிய ஏஆர்எம் சில்லில் எழ முடியாமல் நிற்கிறது.

ஏஆர்எம் சில்லை 1985இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனத்துக்காக சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்தார்கள். அச்சில்லோடு 1987இல் ஆர்க்கிமிடீஸ் கணினி வந்தது. அதற்கென உருவானதுதான் ரிஸ்க் ஓஎஸ். 1 மெகாபைட் நினைவகத்தில் வேகமாக ஓட வேண்டியிருந்ததால், பெரும்பகுதியை அசெம்ப்ளியில், அதாவது சில்லின் சொந்த மொழியில் எழுதினார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு.

அதற்கான விலையை இன்றைய ஆர்வலர்கள் கொடுக்கிறார்கள். பை 5இன் கார்டெக்ஸ் ஏ76 செயலி, பழைய 32 பிட் கட்டளைகளைச் சாதாரண நிரல்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. வன்பொருளை நேரடியாக ஆளும் கருநிரல் 64 பிட்டில் இருந்தாக வேண்டும். 2002இல் அயோனிக்ஸ் கணினி வந்தபோது, 26 பிட் முகவரி முறையிலிருந்து 32 பிட்டுக்கு ரிஸ்க் ஓஎஸ் மாறியது உண்மை. ஆனால் அது பழைய வீட்டைப் பழுதுபார்த்த வேலை. 64 பிட்டின் கட்டளைத் தொகுப்பே வேறு. அசெம்ப்ளி வரிகளைப் புதிதாகவே எழுத வேண்டும்.

இவ்வளவு பெரிய வேலைக்கு ஆள் சேர்க்கும் காலம் எங்கே போனது? 1998இல் ஏகார்ன் தன் கணினித் தயாரிப்பைக் கைவிட்டது. இயங்குதளத்தின் உரிமைகள் நிறுவனங்களுக்கிடையே பிரிந்து சிக்கலாயின. 2006இல் தொடங்கிய ரிஸ்க் ஓஎஸ் ஓப்பன் நிறுவனம், மூலநிரலைப் படிப்படியாக வெளியிட்டது. ஆயினும் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அப்பாச்சி 2.0 உரிமத்தில் அது முழுச் சுதந்திரம் பெற்றது 2018இல்தான். நடுவே 20 ஆண்டுகள். அன்று இளைஞர்களாக இருந்து இதைக் கற்றவர்கள் பலர் வேறு வேலைகளுக்குப் போயிருப்பார்கள்.

1993இல் தொடங்கிய நெட்பிஎஸ்டி இயங்குதளம் இதற்கு நேர்மாறு. முதல் நாளிலிருந்தே கட்டற்ற உரிமம். எந்திரத்தைச் சார்ந்த பகுதி தனி, சாராத பகுதி தனி. அதனால் ஏகார்னின் 1994 ரிஸ்க் பிசியிலும் அது ஓடியது. 64 பிட் முறையில் பை 4இலும் ஓடுகிறது.

பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர் நிரல் போதாதா என்று சிலர் கேட்கலாம். பழைய நிரல்களைப் பாதுகாக்க அது உதவும். ஆனால் அங்கே எந்திரத்தை ஆள்வது வேறொரு இயங்குதளம். நடுவே யாருமின்றி வன்பொருளோடு பேசுவதுதான் ரிஸ்க் ஓஎஸ்ஸின் உயிர். ஒரு கணினி எப்படி வேலை செய்கிறது என்று மாணவர் அடிவரை படித்தறிய உதவுவதும் அதுவே.

ஆர்வலர்களின் அன்பு ஓர் இயங்குதளத்தைச் சில காலம் தாங்கும். அடுத்த சில்லுக்குக் கொண்டுசேர்க்க நிரலும் உரிமமும் கையில் இருக்க வேண்டும். ஒரு கணினியைக் கைவிடும் நிறுவனம், அதன் மூலநிரலையும் வன்பொருள் ஆவணங்களையும் அன்றைக்கே பொதுவில் வைக்க வேண்டும். அதை அறிந்தவர்கள் அருகில் இருக்கும்போது திறந்தால்தான் அந்தக் கதவால் பயன்.