இரண்டு வயதுப் பிள்ளையின் "குழப்படி"

"உங்கட மகன் சரியான குழப்படி."

இரண்டு வயதை அண்டிய பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்காத உம்மா வாப்பா இருக்க முடியாது. கல்யாண வீட்டில் சொல்வார்கள். கிளினிக்கில் சொல்வார்கள். பெருநாளைக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கும் முன்பே சொல்வார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் பேச்சு பிள்ளையைப் பற்றி இருந்தாலும் போய்ப் படுவது உம்மாவின் மனதில்தான். "வளர்க்கத் தெரியல்ல" என்ற வார்த்தை அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அப்படியொருவர் இருக்கிறார். மாஷா அல்லாஹ், வயது ஒன்றும் பத்து மாதமும். சுபஹ் பாங்குக்கு எங்களோடு எழும்புவார். நாங்கள் இருவரும் பாடசாலைக்கு ஆயத்தமாகிற ஒரு மணித்தியாலத்துக்குள் அரிசி வாளியின் மூடியைக் கழற்றிக் கை விட்டுப் பார்த்திருப்பார். வாப்பாவின் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்திருப்பார். அலுமாரியின் கீழ்த்தட்டுச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தான் ஏறி உட்கார்ந்திருப்பார். கரண்டியைக் கீழே போடுவார். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுவார். பதினைந்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே அது விழுகிற சத்தத்தைக் கவனமாகக் கேட்பார்.

இதற்குக் குழப்படி என்று பெயர் வைப்பதை நாம் நிறுத்த வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஒரு பெயர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. குழப்படி என்று பெயர் வைத்துவிட்டால் அடுத்த வேலை அதை அடக்குவதாகிவிடுகிறது. அடக்குவதற்கு நம் வீடுகளில் உள்ள வழிகளும் நமக்குத் தெரிந்தவைதான்: ஏசுவது, அடிப்பது, "பொலிஸ் வருது" என்று பயங்காட்டுவது, இப்போது புதிதாக ஃபோனைக் கையில் கொடுப்பது.

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் பியாஜேயைப் பரீட்சைக்காகப் படித்தோம். பிறப்பிலிருந்து இரண்டு வயது வரை புலனியக்கப் பருவம் என்று எழுதிப் புள்ளி எடுத்தோம். அந்த மனிதர் இந்தக் கருத்துக்கு வந்து சேர்ந்த வழி எங்களைப் போன்ற பெற்றோருக்கு முக்கியமானது. தன்னுடைய மூன்று பிள்ளைகளையும் வீட்டில் வைத்துப் பார்த்து, அவர்கள் எதைப் பிடிக்கிறார்கள், எதை எறிகிறார்கள், எதைத் தேடுகிறார்கள் என்று நாளாந்தம் குறிப்பெழுதினார். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை ஒரே சாமானை வெவ்வேறு விதமாகப் போட்டுப் பார்ப்பதை அவர் பரிசோதனை என்றே எடுத்துக்கொண்டார். உயரத்திலிருந்து போட்டால் என்ன, பக்கவாட்டில் எறிந்தால் என்ன, தண்ணீருக்குள் போட்டால் என்ன? நாம் தரம் 6 இல் விஞ்ஞானப் பாடத்தில் செய்விக்கிறதை அந்தப் பிள்ளை குசினியில் தானாகச் செய்துகொண்டிருக்கிறது.

"எத்தனை தரம் சொல்லியும் கேக்குதில்லையே" என்று கேட்பீர்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு "தொடாதே" என்பது விளங்கும். ஆனால் நீண்ட கையை நிறுத்திக்கொள்கிற சக்தி இன்னும் வரவில்லை. ஆசையைக் கட்டுப்படுத்துகிற மூளையின் முன்பகுதி மெதுவாக வளர்வது. இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் அது முதிர்ச்சியடைந்துகொண்டிருக்கிறது. இருபது வயதுப் பொடியன் மோட்டார் சைக்கிளில் போகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு வயதுப் பிள்ளை கண்ணாடிக் கோப்பையைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

அடக்கி வளர்ப்பதன் பலன் எங்களுக்கு வகுப்பறையில் தெரிகிறது. ஜனவரி 31 ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியான பிள்ளை தரம் 1 க்கு வருகிறது. முதல் வாரத்திலேயே சில பிள்ளைகளை அடையாளம் காணலாம். பேசாமல் இருப்பார்கள். சொன்ன இடத்தில் இருப்பார்கள். உம்மாமார் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் களிமண்ணைக் கொடுத்தால் உருட்டத் தயங்குவார்கள், கத்தரிக்கோலைப் பிடிக்க விரலில் பலம் இருக்காது, தெரியாததைக் கேட்கப் பயப்படுவார்கள். சுபாவத்திலேயே அமைதியான பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. தொட்டதற்கெல்லாம் ஏச்சு வாங்கித் தொடுவதையே விட்டுவிட்ட பிள்ளைகளைத்தான் சொல்கிறோம்.

அப்படியென்றால் பழைய காலத்தில் எல்லாரும் பொறுமைசாலிகளாக இருந்தார்களா? அப்படியும் இல்லை, அப்போது வளவு இருந்தது. எங்கள் கிழக்குக் கரை ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் முடித்து வைப்பது வழக்கம். மூத்தம்மாவின் 40 பேர்ச் வளவு நான்கு மகள்மாருக்குப் பத்துப் பத்தாகப் பிரிந்தது. அந்தப் பத்திலும் வீடு, மதில், மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் என்று போக, மிஞ்சியதற்கும் சீமெந்து போட்டாயிற்று. முன்பு பிள்ளை முற்றத்து மணலில் குந்தியிருந்து சிரட்டையில் சோறு சமைத்தது. அதே பிள்ளை இப்போது சோபாவின் மேல் ஏறிக் குதிக்கிறது. பிள்ளை மாறவில்லை.

வீடு ஒடுங்கியபோது ஆபத்தும் கைக்கெட்டிய தூரத்துக்கு வந்துவிட்டது. உலகளவில் 1 முதல் 4 வயது வரையான பிள்ளைகளின் உயிரைப் பறிக்கிற முக்கிய காரணங்களில் நீரில் மூழ்குவதும் ஒன்று. அதற்குக் கடலோ குளமோ தேவையில்லை. கட்டில்லாத கிணறு போதும், குளியலறையில் அரைவாசி நிறைந்த வாளி போதும். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், மேசை விளிம்பில் வைத்த சுடுதேத்தண்ணி, கட்டிலுக்கு அருகே கிடக்கிற மாத்திரைப் பட்டை எல்லாம் இப்படித்தான். "பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்" என்பது இந்த வயதில் ஒரு பாதுகாப்பே இல்லை. வாளியைக் கவிழ்த்து வைப்பதும், கிணற்றுக்கு மூடி போடுவதும், மண்ணெண்ணெயை உயரத்தில் பூட்டி வைப்பதும் பெரியவர்களின் வேலை.

நம் ஊர்களில் சந்திக்குச் சந்தி "மொண்டிசோரி" என்று பெயர்ப்பலகை இருக்கிறது. அது ஒரு பெண்ணின் பெயர். மரியா மொண்டிசோரி 1907 இல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் தன் முதல் பிள்ளைகள் வீட்டைத் தொடங்கினார். 1944 இல் நம் நாட்டுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவர் செய்தவற்றில் எந்த வீட்டிலும் பின்பற்றக்கூடிய ஒன்று இருக்கிறது: கதிரை, மேசை, தட்டு எல்லாவற்றையும் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கினார். அதற்குக் காசு தேவையில்லை. எங்கள் குசினியின் கீழ்த்தட்டு இப்போது மகனுடையது. பிளாஸ்டிக் மூடிகள், ஒரு சுளகு, மரக்கரண்டி, வெறும் பவுடர் டின், கொஞ்சம் சிரட்டை. மேல்தட்டு எங்களுடையது. சண்டை பாதியாகக் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஃபோன் விஷயத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம். இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைத்தால் நல்லது. அதே வழிகாட்டல் இந்த வயதுப் பிள்ளை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து ஓடியாட வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்று மணித்தியாலம்! நாம் குழப்படி என்று சொல்கிற அளவு, உண்மையில் பிள்ளைக்குத் தேவையான அளவு.

ஆனால் ஃபோனைக் கொடுக்கிற உம்மாவை ஏசுவது சுலபம். அவள் ஏன் கொடுக்கிறாள் என்று பார்க்க வேண்டும். அரச ஊழியரான தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை. தந்தைக்கு 3 நாட்கள். அரைச் சம்பள விடுமுறையும் சம்பளமில்லாத விடுமுறையும் எடுத்தால்கூட, பிள்ளை எழுந்து நடக்கிற காலத்தில் உம்மா வேலைக்குத் திரும்பியிருப்பாள். முன்பள்ளிக்கு மூன்று வயதாக வேண்டும். இடைப்பட்ட காலம் முழுவதும் மூத்தம்மாவின் தலையில். முழங்கால் வருத்தத்தோடு அறுபது வயதில் அவர் எவ்வளவு தூரம் ஓடுவார்? இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிற உம்மா சமைக்கவும் வேண்டும், கழுவவும் வேண்டும், அடுத்த நாள் பாடக்குறிப்பும் எழுத வேண்டும். அந்த அரை மணித்தியாலத்துக்குப் பிள்ளையை வைத்துக்கொள்ள ஒரு ஆள் இல்லாதபோதுதான் ஃபோன் ஆளாகிறது. ஆகவே ஃபோனைப் பறிப்பதற்கு முதல் வாப்பாமார் ஆளாக வேண்டும்.

"அப்ப விட்டுடச் சொல்றீங்களா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில். எங்கள் வீட்டில் "கூடாது" என்பது மூன்றுக்கு மட்டும்தான்: அடுப்பு, ரோட், மற்றவரை அடிப்பது. இந்த மூன்றிலும் அழுதாலும் புரண்டாலும் முடிவு மாறாது. உம்மா சொன்னாலும் அதே, வாப்பா சொன்னாலும் அதே, மூத்தம்மா சொன்னாலும் அதே. நாளைக்கு நாற்பது "கூடாது" கேட்கிற பிள்ளைக்கு நாற்பதும் காற்றில் போகிற சத்தம். மூன்றே மூன்று என்றால் அதற்கு ஒரு பாரம் இருக்கும்.

பள்ளிவாசல்களிலும் இதை யோசிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தன் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுவித்தார்கள் என்பதும், சுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைத்துவிட்டு எழும்பும்போது மறுபடி தூக்கிக்கொண்டார்கள் என்பதும் நம் எல்லாருக்கும் தெரிந்த ஹதீஸ். பயானில் கேட்டுக் கண் கலங்குகிறோம். அதே ஜும்ஆவில் ஒரு சின்னப் பிள்ளை சஃப்புக்கு நடுவே ஓடினால் வாப்பாவை முறைத்துப் பார்க்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் நம் ஊர் மைதானங்களில் பெரிய பொடியன்மார் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆடட்டும். அந்த மைதானத்தின் ஒரு மூலையில், பந்து வராத பக்கமாக, நாலு கம்பு நட்டு ஒரு கயிறு கட்டி, ஒரு ட்ரெக்டர் மணல் கொட்ட விளையாட்டுக் கழகங்களாலும் பள்ளி நிர்வாகங்களாலும் பிரதேச சபைகளாலும் முடியும். பெரிய பூங்கா கேட்கவில்லை, மணல்தான். வாப்பாமார் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளை அங்கே கொண்டுவரட்டும். அந்த ஒரு மணித்தியாலம் வீட்டில் உம்மா இருந்து ஒரு தேத்தண்ணியைச் சூடு ஆறாமல் குடிக்கட்டும்.

உங்கள் ஊரில் இதைச் செய்ய யாரிடம் கதைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கதையுங்கள், இன்ஷா அல்லாஹ்.