அவசரத்துக்கு ஒரு விலையா? விமானக் கட்டணத்துக்குக் கடிவாளம் எங்கே?

சென்னையில் இருந்து மதுரைக்கு ரெயிலில் சுமார் 500 கிலோ மீட்டர். வைகை எக்ஸ்பிரசில் போனால் ஏழு மணி நேரத்துக்கு மேல். பஸ்சில் ஒரு ராத்திரி. விமானத்தில்? ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட!

“அடேயப்பா, ஒரு மணி நேரம்தானா!” என்று மயங்கி விடக் கூடாது. விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மீனம்பாக்கத்தில் கவுண்டரை மூடி விடுவார்கள். அதற்கும் ஒரு மணி முன்னால் போய் நிற்க வேண்டும். பெரம்பூர்க்காரர் என்றால் வீட்டை விட்டு இன்னும் சீக்கிரமே கிளம்ப வேண்டும். மதுரையில் இறங்கியதும் ஊருக்குள் போக ஆட்டோ, டாக்சி. கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம். மிச்சம் ஆவது இரண்டோ, மூன்றோ மணி நேரம்தான்!

அந்த மூன்று மணி நேரத்துக்கு என்ன விலை? ரெயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டு போக சில நூறு ரூபாய். விமானத்துக்கு முன்கூட்டியே எடுத்தாலும் சில ஆயிரம். தீபாவளி, பொங்கல் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டியதும் உண்டு. மூட்டை முடிச்சு 15 கிலோவுக்கு மேல் போனால் அதற்குத் தனிக் காசு!

“வசதி உள்ளவன் பறக்கிறான். உனக்கென்னய்யா?” என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் விமானத்தில் ஏறுகிறவர் எல்லாம் பணக்காரர் இல்லை. ரங்கநாதன் தெருக் கடையில் கணக்கு எழுதுகிறவருக்கு ஊரில் இருந்து போன் வருகிறது. “அப்பாவுக்கு ரொம்ப முடியலே. உடனே கிளம்பி வா!” அவர் என்ன செய்வார்? ரெயில் டிக்கெட்டை 60 நாள் முன்பே எடுத்துத் தீர்த்து விட்டார்கள். தட்கல் என்றாலும் மறுநாள் ரெயிலுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஆம்னி பஸ்காரர் கூட்டத்தைப் பார்த்து ரேட் சொல்லுகிறார். கடைசியில் கடன் வாங்கி விமானம் ஏறுகிறார். அந்த நேரம் பார்த்துத்தான் கட்டணம் உச்சத்தில் நிற்கிறது!

விமானக் கம்பெனிகளுக்கும் ஒரு வாதம் உண்டு. காலியாகப் பறக்கும் சீட்டை மறுநாள் விற்க முடியாது. எரிபொருளுக்கே பெரும் பணம் போகிறது. அதன் மீது மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வரி. ஆகவே கடைசி நேரத்தில் வருகிறவரிடம் கூடுதலாக வாங்குகிறார்கள். வாங்கட்டும். எவ்வளவு கூடுதல் என்பதுதான் கேள்வி!

ரெயில்வேயும் 2016 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரெயில்களில் டிக்கெட் விற்க விற்கக் கட்டணத்தை ஏற்றுகிறது. ஆனால் அதற்கு ஒன்றரை மடங்குக்குள் கடிவாளம் உண்டு. அரசு பஸ்சுக்குக் கட்டணப் பட்டியல் உண்டு. ஆகாயத்துக்கு மட்டும் ஏன் இல்லை?

“முடியாது” என்று சொல்ல வழியில்லை. முடிந்திருக்கிறது! 2020 மே மாதம் கொரோனா ஊரடங்குக்குப் பின் விமானங்கள் பறந்தபோது கீழ் வரம்பு, மேல் வரம்பு இரண்டையும் மத்திய அரசே விதித்தது. 2022 ஆகஸ்டு கடைசியில்தான் அதை எடுத்தார்கள். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாகி, கட்டணம் தாறுமாறாக ஏறியபோது மறுபடியும் உச்சவரம்பு வந்தது. 500 கிலோ மீட்டர் வரை 7,500 ரூபாய் என்றார்கள். கம்பெனிகள் ஒன்றும் ஓடிப் போய் விடவில்லையே!

2017-ல் பறக்கத் தொடங்கிய ‘உடான்’ திட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பேச்சு. ரப்பர் செருப்பு போட்டவரும் பறக்கலாம் என்றார்கள். அதுவும் குறிப்பிட்ட தடங்களில், குறிப்பிட்ட சீட்டுகளுக்கு மட்டும்தான்.

நாடே தவிக்கும்போது மட்டும் உச்சவரம்பு போடுவது போதாது. தனி மனிதன் தவிப்பதும் தவிப்புதான். தூரத்துக்கு ஏற்ற நிரந்தர உச்சவரம்பு வேண்டும். பண்டிகைக்கு முன்பே கூடுதல் ரெயில்களை அறிவிக்க வேண்டும். முந்தின நாள் அறிவித்தால் யாருக்கு லாபம்?

தகப்பன் முகத்தைப் பார்க்க ஓடுகிறவனிடம் அவசரத்தை எடை போட்டுக் காசு வாங்குவது வியாபாரம் அல்ல. தராசைக் கையில் எடுக்க வேண்டியது டெல்லி!