ஃபிளாஞ்சுக்கு முழுப் பெயர் வேண்டும்

எண்ணெய்க் கிணற்றின் தலையில் உள்ள வால்வுகளையும் குழாய்களையும் இணைப்பது ஃபிளாஞ்சு எனும் விளிம்புத் தட்டாகும். ஹைதராபாத்தை அடுத்த இராமச்சந்திரபுரத்தில் பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலை, கிணறு தோண்டும் ரிக்குகளைச் செய்து அளித்துள்ளது. திருச்சித் தொழிற்சாலை கிணற்றுத் தலைச் சாதனங்களைச் செய்துள்ளது. ஆகவே இச்சிறு உறுப்பின் பெயரைச் செவ்வனே கற்பிப்பது நம் தொழிற்பள்ளிகளின் கடமையாகும்.

பட்டறைகளில் ‘1500 பவுண்டு ஃபிளாஞ்சு’ என்று கூறும் வழக்கம் உண்டு. பிழைக்கு வித்து இதுவே. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி 16.5 விதியில் 1500 என்பது வகுப்பின் எண்ணேயன்றி அழுத்தத்தின் அளவன்று. அவ்வகுப்பைச் சேர்ந்த கரிம எஃகு ஃபிளாஞ்சு, சாதாரண வெப்பநிலையில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3,705 பவுண்டு அழுத்தம் தாங்கும். வெப்பம் ஏற ஏற இவ்வளவு குறையும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 6ஏ விதியிலோ 5,000 என்பது அழுத்தத்தையே குறிக்கும்.

இவ்விரண்டிலும் 2 அங்குல அளவில் போல்ட்டுத் துளைகளும் வளையப் பள்ளமும் ஒத்திருப்பதால், ஒன்று மற்றொன்றோடு தடையின்றிப் பொருந்திவிடும். பொருந்தியது கொண்டே 5,000 பவுண்டையும் தாங்கும் எனக் கருதுவது பேராபத்தாகும். வலிமை குன்றிய தட்டின் வலிமையே இணைப்பின் வலிமை.

6ஏ விதிக்குள்ளும் இரு வகைகள் உள. 6பி வகையில் முறுக்கிய பின்னும் தட்டுகளின் முகங்கள் ஒன்றையொன்று தொடா. ஆர் அல்லது ஆர்எக்ஸ் வளையமே சுமையை ஏற்கும். மிகு அழுத்தத்துக்குரிய 6பிஎக்ஸ் வகையில் முகங்கள் தொடுமாறு அமைப்பு உண்டு. அதற்குப் பிஎக்ஸ் வளையமே உரியது. 6பி இணைப்பில் இடைவெளியைக் கண்டு மேலும் முறுக்குவது அறியாமை.

வரைபடம் இருக்கையில் பெயர் எதற்கு என்பாரும் உளர். வரைபடம் கைக்கெட்டாத கிணற்றடியில் தொழிலாளி நம்புவது வாய்ச்சொல்லையே. நிலத்தடி அழுத்தத்தின் சீற்றத்தை, 1995 ஜனவரியில் கோதாவரிக் கழிமுகத்தின் பாசர்லப்பூடியில் பீறிட்டு, இரு மாதங்களுக்கு மேல் எரிந்த கிணறு உணர்த்தியது.

ஆதலின் ‘6ஏ விதி, 6பி வகை, 2 1/16 அங்குலம், 5,000 பவுண்டு, ஆர் 24 வளையம்’ என முழுமையாகக் கூறும் பழக்கத்தை ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே ஊட்டுதல் வேண்டும். சொல் தமிழாயினும் ஆங்கிலமாயினும் ஆகுக. அது குறைவுபடாதிருத்தலே முக்கியம்.