செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நடை



பங்குனி உத்திரத்தன்று நெய்வேலி வில்லுடையான்பட்டு முருகன் கோவிலுக்குக் காவடி போகும்போது நம் கண் மயில்தோகையிலும் பால்குடத்திலும்தான் நிற்கும். இந்த ஆண்டு நான் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த வயதான பெண்கள் சிலர், பால்குடத்தைத் தலையில் ஏந்தி, தார்ச்சாலையில் சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தார்கள். குதிகால் தரையில் படுகிற சத்தமே இல்லை. பாதம் படிந்தது, விரல்கள் விரிந்தன, பெருவிரல் தரையை லேசாக உந்திவிட்டு எழுந்தது. குடத்துப் பால் தளும்பவில்லை. அவர்களுக்குப் பின்னாலேயே டவுன்ஷிப் பிள்ளைகளும் எங்களைப் போன்ற உத்தியோகக்காரர்களும் வந்தோம். எட்டி எட்டி வைக்கிற அடி, தொம் தொம்மென்று விழுகிற குதிகால், ஒவ்வொரு பொடிக்கல்லுக்கும் ஒரு முகச்சுளிப்பு. பக்தியில் யாருக்கும் குறையில்லை. காலுக்குத்தான் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

விட்டுப்போன அந்தப் பழக்கத்தை ஐம்பது வயதிலும் திரும்பப் பெறலாம் என்பதே இந்த மாதம் நான் உங்களோடு பேச விரும்புகிற செய்தி.

சுரங்க ஊரான நெய்வேலியில் வெறுங்காலைப் பற்றிப் பேசுகிறவன் முதலில் சேஃப்டி ஷூவைப் பற்றிப் பேச வேண்டும். பாதுகாப்புக் காலணி இல்லாமல் யாரும் சுரங்கத்துக்குள் போகக் கூடாது என்பது நிலக்கரிச் சுரங்க விதி. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு வெறுங்காலோடு திரிகிறவரும் வேலை நேரத்தில் அதைப் போட்டே தீர வேண்டும். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரும் கன்வேயரும் ஓடுகிற இடத்தில் கால் விரல்களைக் காப்பது அந்த இரும்பு மூக்குதான். அதில் மறுபேச்சுக்கே இடமில்லை. நான் சொல்வது ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உள்ள நேரத்தைப் பற்றி. சாக்ஸைக் கழற்றியதும் உங்கள் பாதத்தை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். வேர்வையில் வெளுத்து, தோல் சுருங்கி, சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். விரல்களைத் தனித்தனியே விரிக்கச் சொன்னால் பெரும்பாலோருக்கு முடியாது. பிறந்த குழந்தையோ பத்து விரல்களையும் விசிறி மாதிரி விரிக்கும்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. இரண்டு பாதங்களுக்கும் சேர்த்து 52. உடம்பில் உள்ள 206 எலும்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கணுக்காலுக்குக் கீழேதான் இருக்கிறது. இத்தனை எலும்புகள் அங்கே இருப்பது மேடுபள்ளத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கத்தான். உள்ளங்காலின் அடியில் குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு பட்டையான நார்த்திசு ஓடுகிறது. அடி எடுத்து வைக்கும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்க, அந்த நார் இறுகி உள்ளங்கால் வளைவைத் தூக்கிப்பிடிக்கிறது. அதுவரை தளர்வாக இருந்த பாதம் உடனே விறைப்பாகி உடம்பை முன்னே தள்ளுகிறது. 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் இதை விளக்கி எழுதினார். அடிப்பாகம் கெட்டியாக உள்ள ஷூவில் பெருவிரல் மடங்குவதற்கு வழி குறைவு. மடங்காத விரலுக்கு வேலை இல்லை, வேலை இல்லாத தசை இளைத்துப்போகிறது.

ஷூ போட்டால் அடியின் நீளமும் கூடுகிறது. குதிகாலுக்கு அடியில் மெத்தை இருக்கும் தைரியத்தில் காலை உடம்புக்கு வெகு முன்னால் நீட்டி ஊன்றுகிறோம். அதே ஆள் வெறுங்காலோடு நடந்தால் அடி தானாகவே குறுகும், அடிகளின் எண்ணிக்கை கூடும், பாதம் உடம்புக்கு நேர் கீழே நெருங்கி வந்து விழும். இயல்பான நடையின் அடிப்படையே இதுதான். இதில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். முன்பாதத்தைத்தான் முதலில் ஊன்ற வேண்டும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அது ஓட்டத்தைப் பற்றிய பேச்சு. ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மன் 2010-இல் கென்ய ஓட்டக்காரர்களை ஆராய்ந்து, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குகிறார்கள், அதனால் அதிர்வு குறைகிறது என்று காட்டினார். நடக்கும்போது குதிகால் முதலில் படுவதில் தவறே இல்லை. படும்போது மெதுவாகப் பட வேண்டும், அவ்வளவுதான். நுனிக்காலில் பதுங்கிப் பதுங்கி நடந்தால் கெண்டைக்கால் வலிதான் மிஞ்சும்.

உணர்ச்சி உள்ள பாதம் எப்படி நடக்கிறது என்பதை நம் தமிழ்நாட்டில் அக்கறையோடு ஆராய்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையில் இறங்கினார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். நோய் நரம்பைக் கெடுத்து வலியைப் பறித்துவிடுகிறது, வலி தெரியாததால் புண் ஆறுவதற்கு முன்பே அதே இடம் மறுபடி மறுபடி அடிபடுகிறது என்பதை அவர் கண்டறிந்தார். நல்ல பாதம் உள்ளவர் ஒரு மைல் நடந்ததும், உள்ளங்காலில் ஓரிடம் காந்தினால் தன்னை அறியாமலே பாரத்தை வேறு பக்கம் மாற்றிக்கொள்கிறார். உணர்ச்சியற்ற பாதமோ முதல் அடி எப்படி விழுந்ததோ அப்படியே கடைசி அடிவரை விழுகிறது. இதைப் படித்த நாள் முதல் நடையைப் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது. சொல்லிக்கொடுத்த ஒரே மாதிரி அடியை நான் இனி இயல்பான நடை என்று சொல்லமாட்டேன். தரை சொல்வதைக் கேட்டு ஒவ்வொரு அடியிலும் மாறிக்கொள்கிற நடைக்கே அந்தப் பெயர் தகும்.

வெறுங்காலில் நடந்தால் தோல் தடித்து உணர்ச்சி மங்கிவிடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கென்யாவிலும் அமெரிக்காவிலும் நடத்தி, 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. காய்ப்பேறிய பாதத்துக்கு நடக்கும்போது உணர்ச்சி குறைவதில்லை. காப்பும் கிடைக்கிறது, தரையும் தெரிகிறது. மெத்தை வைத்த ஷூவால் இந்த இரண்டையும் ஒருசேரத் தர முடிவதில்லை.

எப்படித் தொடங்குவது? வீட்டுக்குள்ளிருந்துதான். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடு நடக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. முதலில் அதை வாசலில் விடுங்கள். பிறகு நடக்கும்போது உங்கள் காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். மொசைக் தரையில் குதிகால் இடிப்பது காதுக்கு நன்றாகத் தெரியும். அடியைக் கொஞ்சம் குறுக்குங்கள், முழங்காலை விறைக்காமல் விடுங்கள், சத்தம் தானாகக் குறையும். இதைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. சில வாரங்கள் போனபின் வெளியே வரலாம். நம் டவுன்ஷிப்பில் வேப்பமர நிழலுக்கும் செம்மண் ஓரங்களுக்கும் பஞ்சமில்லை. காலையில் ஆறு மணிக்கு மண் குளிர்ந்திருக்கும்போது பத்து நிமிடம் போதும். கண் நாலடி முன்னால் இருக்கட்டும். கண்ணாடிச் சில்லும் நெருஞ்சி முள்ளும் அங்கேயே தெரிந்துவிடும். மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே நீண்ட தூரம் போகிறவர்களுக்குத்தான் குதிகால் தசைநாணும் பாத எலும்பும் அடிபடுகின்றன. கத்திரி வெயிலில் பகலில் தார்ச்சாலைப் பக்கமே போக வேண்டாம்.

பூங்காக்களில் எட்டு போட்டு நடப்பதும் கூழாங்கல் பாதையில் நடப்பதும் இப்போது பரவலாகிவிட்டது. கால் பழகிய பிறகு அது நல்ல பயிற்சி. முதல் நாளே பல்லைக் கடித்துக்கொண்டு கூழாங்கல்லில் ஏறினால் பாதம் இறுகத்தான் செய்யும், தளராது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நீண்ட நாள் சர்க்கரை, பாத நரம்பை மரக்க வைக்கிறது. தொழுநோயாளிகளின் பாதத்துக்கு நேர்ந்தது அங்கேயும் நேரும். முள் ஏறியதுகூடத் தெரியாமல் புண் ஆழமாகி, விரலையே எடுக்கும் நிலை வந்துவிடும். உணர்ச்சியிழந்த தொழுநோயாளிகளின் பாதங்களுக்காகப் பயன்படுத்தி வந்த எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார்) ரப்பர் செருப்பை இன்று மருத்துவர்கள் சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் இருக்க வேண்டும்.

வெறுங்காலைப் போற்றி எழுதும்போது இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது. ஊர்த் தெருவுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தலித் மக்களைக் கட்டாயப்படுத்திய கிராமங்கள் தமிழ்நாட்டில் அண்மைக் காலம்வரை இருந்திருக்கின்றன. செருப்பு அவர்களுக்கு மானத்தின் அடையாளம். மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு உழைத்தவர்களின் பாதம் வழியே கொக்கிப்புழு ஏறி, ரத்தத்தைக் குடித்துச் சோகை பிடிக்க வைத்ததும் நம் வரலாறுதான். அதனால் அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி தருவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். கொடைக்கானல் மலையில் வெள்ளகவி என்ற ஊரில் ஊருக்குள் யாருமே செருப்பு போடுவதில்லை. மண்ணைத் தெய்வமாக நினைத்து ஊரே சேர்ந்து கடைப்பிடிக்கும் வழக்கம் அது. ஒருவர் விரும்பிக் கழற்றுவதும் இன்னொருவர் கழற்ற வைப்பதும் ஒன்றாகிவிடாது. வாசலில் நல்ல செருப்பு இருந்து, அதை விட்டுவிட்டு இறங்குகிறவருக்குத்தான் நான் இதை எழுதுகிறேன்.

பெரியவர்கள் இயல்பான நடையைத் திரும்பக் கற்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு நாம் அதைக் கெடுக்காமல் இருந்தாலே போதும். மணிப்பாலைச் சேர்ந்த மருத்துவர்கள் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயதுவரையுள்ள 2,300 குழந்தைகளின் கால்தடங்களைப் பதிவு செய்து, 1992-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. போடாமல் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். விரல்களை மூடிய ஷூ போட்டவர்களிடம் அது மிக அதிகம், சாண்டல்ஸும் செருப்பும் போட்டவர்களிடம் குறைவு, வெறுங்காலோடு வளர்ந்தவர்களிடம் எல்லோரையும்விடக் குறைவு. உள்ளங்கால் வளைவு உருவாகும் இளவயதில் ஷூ போடுவது நல்லதல்ல என்பது அவர்கள் முடிவு. தட்டைப்பாதம் எல்லோருக்கும் வலி தருவதில்லை, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் தானே வளரக்கூடிய ஒன்றை நாமே ஏன் தடுக்க வேண்டும்?

இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளையின் காலை நனைத்து, சிமென்ட் தரையில் ஓர் அடி வைக்கச் சொல்லுங்கள். ஈரத் தடத்தின் உட்புறம் வளைந்து, குதிகாலையும் முன்பாதத்தையும் ஒரு மெல்லிய பட்டை இணைத்தால் வளைவு நன்றாக இருக்கிறது. முழுப் பாதமும் ஒரே திட்டாக விழுந்தாலும், பிள்ளைக்கு ஐந்தாறு வயதுக்குள் என்றால் கவலை வேண்டாம். வளைவு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மண்ணில் விளையாட விடுங்கள். பெரிய பிள்ளைக்குத் தடம் அப்படி இருந்து, காலும் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கப்போகிறது. நான்கு வயதுக் குழந்தை நெய்வேலி வெயிலில் கறுப்பு ஷூவும் நைலான் சாக்ஸும் போட்டுக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருப்பதை இனியும் சீருடை என்ற பெயரில் நாம் ஏற்க வேண்டியதில்லை. எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்புவரை விரல் திறந்த, பின்பட்டை வைத்த சாண்டல்ஸே போதும், வகுப்பறைக்குள் வெறுங்காலே போதும் என்று பள்ளி நிர்வாகங்கள் முடிவெடுக்க வேண்டுகிறேன். பெற்றோர்களே, முதல் பெற்றோர் கூட்டத்தில் இதை எழுந்து கேளுங்கள். பள்ளி என்ன பதில் சொன்னது என்பதை எங்களுக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்